செங்கல்பட்டில் திரும்பும் வண்டி

இன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிக் கொடியில் போட்டேன். முந்தானை ஓரத்தில் ஒரு கைப்பிடி அளவுக்குக் கசங்கல். தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டாலும் சுலபத்தில் போகாத அந்தக் கசங்கலை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷம் என் புடவைகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் அது இருந்தது. உன் கை பிடித்துப் பிடித்து உண்டானது. நீ போன பிறகு என் முந்தானைகள் மடிப்புக் கலையாமல் வீடு வந்துகொண்டிருந்தன. இன்றைக்குத்தான் மறுபடி கசங்கியிருக்கிறது. கொடிக்கு முன்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலில் ஏதாவது ஆச்சா என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவரிடம் சொன்னால் வேலையை விட்டுவிடு என்பார். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிய சேதியா என்ன? பல்லி விழுந்தால் பயம், போன் மணி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அந்தப் பயத்தோடுதான் மாம்பலத்தில் பல் செட் செய்து தரும் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் என் அண்ணன் பஸ்ஸில் அழைத்துப்போய் விட்டார். சாயங்காலம் காஞ்சிபுரத்துக்கே நேராகப் போகிற ரயில் இருக்கிறது, மாம்பலத்தில் ஏறினால் நம்மூரில் இறங்க வேண்டியதுதான், நடுவில் வண்டி மாறுகிற வேலையே இல்லை, சின்னக் குழந்தைகூட வந்து சேர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றை மட்டும் சொல்ல மறந்தார். அந்த மகராசன் மறந்த அந்த ஒன்றுதான் உன்னை எனக்குக் கொடுத்தது.

சென்னையிலிருந்து வருகிற வண்டி செங்கல்பட்டில் திரும்பும். டிரைவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்தின் நீளத்துக்கும் நடந்து கடைசிப் பெட்டிக்குப் போய் ஏறிக்கொள்வார். கார்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார். முன்பக்கம் பின்பக்கம் ஆகிவிடும். வந்த திசையைப் பார்த்தே வண்டி கிளம்பும், கொஞ்ச தூரம் போய்த்தான் காஞ்சிபுரம் பாதைக்குப் பிரியும். தினமும் போகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. செங்கல்பட்டு வந்ததும் எழுந்து, காற்று முகத்தில் அடிக்கட்டும் என்று எதிர் சீட்டில் மாறி உட்கார்ந்துகொள்வார்கள். புதிதாக வருகிறவள், அதுவும் அசந்து தூங்கிவிட்டவள், நடுவில் கண்ணை விழித்தால் செத்தாள். அப்படித்தான் நான் விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தன. வண்டி ஊரைத் தாண்டிப்போய் மறுபடி தாம்பரத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. வண்டி வேகம் குறைந்து ஏதோ ஒரு குட்டி ஸ்டேஷனில் நின்றதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்துவிட்டேன்.

வண்டி போய்விட்டது. அதன் சத்தம் அடங்கியபோதுதான் எங்கே இறங்கியிருக்கிறேன் என்று பார்த்தேன். டிக்கெட் கொடுக்கிற அறை பூட்டியிருந்தது. ஒரே ஒரு விளக்கு, அதுவும் விட்டு விட்டு எரிந்தது. இரண்டு பக்கமும் வயல். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மனுஷ வாடையே இல்லை என்று நினைத்து ஓவென்று அழத் தொடங்கியபோது, பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. திரும்பிப் பார்த்தால் நீ. என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதிலிருந்து பட்டு நூல் பிசிறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாமா, தப்பா எறங்கிட்டியா? பயப்படாத. நான் தெனமும் வர லைன் இது. நீ தனியா நிக்கறியேன்னுதான் நானும் எறங்கிட்டேன்" என்றாய்.

அந்த நிமிஷம் உன் காலில் விழுந்திருப்பேன். முன்பின் தெரியாத ஒருத்திக்காகப் போகிற வண்டியை விட்டுவிட்டு இறங்கி வருகிறவள் மனுஷியா, தெய்வமா? நான் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வண்டி எப்போது என்று உன் சாமியிடம் அப்படியே கேட்டுச் சொல் என்று கிண்டல் செய்தாய். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அப்புறம் அந்த ஆள் வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் ஏறி, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று எங்களையே பார்த்தான். வேறு எங்கே பார்ப்பான், அங்கே பார்க்க வேறு என்ன இருந்தது? ஆனால் அப்போது நான் உன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நீ சட்டென்று பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உரத்த குரலில் பேச ஆரம்பித்தாய். ஆமாண்ணே, ஸ்டேஷன்லதான் நிக்கறோம், ஜீப்பை எடுத்துக்கினு வாங்க, கூட ரெண்டு போலீஸ்காரங்களையும் இட்டுக்கினு வாங்க என்று நீ பேசப் பேச எனக்குத் தெம்பு வந்தது. உனக்குப் போலீஸில் அண்ணன் இருக்கிறார் என்று முழுசாக நம்பினேன். அடுத்த வண்டி வந்து நின்றதும் அந்த ஆள், இறங்கிய தன் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வண்டியில் ஏறிய பிறகுதான் உன் போனைப் பார்த்தேன். சார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துப்போயிருந்தது. எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் இவளுக்கு என்று வாயைப் பிளந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி எந்த வண்டியானாலும் உன்னோடுதான் என்று.

மறுநாள் காலை லேபுக்குப் போக மனசே இல்லை. போனேன். சாயங்காலம் மாம்பலத்தில் பெண்கள் பெட்டி நிற்கிற இடத்தில் நின்றேன். நீயும் வந்தாய். புடவைக் கடை ஒன்றின் மாடியில் பட்டுப் புடவைகளுக்குக் குச்சு கட்டுகிற வேலை உனக்கு. ஐயம்பேட்டையில் நெசவுக்கார வீட்டில் பிறந்தவள், நூல் கையில் இருந்தால் பார்க்காமலேயே முடிச்சுப் போடுவாய். என் பெயரை ஒரு நாளும் நீ சொன்னதில்லை. பல் செட் செய்கிறவள் என்பதால் பல்லுக்காரம்மா. கோபப்பட்டுப் பார்த்தேன், கடைசியில் அந்தப் பெட்டியே என்னை அப்படித்தான் கூப்பிட்டது.

பாலூர் தாண்டினால் பெட்டி காலியாகிவிடும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆட்கள் இறங்கிவிட, மிச்சம் இருக்கிற பெண்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். நீதான் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தாய். யார் இறங்கினாலும் உடனே மிச்சப் பேர் எழுந்து உன் பக்கத்தில் வந்து நெருக்கி உட்கார வேண்டும். "கோர்வைக்கு வாங்கடீ" என்று கூப்பிடுவாய். புடவையின் உடலுக்கும் கரைக்கும் தனித்தனியாக நாடா ஓட்டி நெய்து ஒன்றோடொன்று கோப்பதுதான் கோர்வை. தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் அது நடக்கும், ஒருத்தரால் ஆகாது. ஆறு பேராக இருந்து, நான்காகி, கடைசியில் நீயும் நானும் மட்டும் ஆனாலும், கூப்பிடாமல் இருக்க மாட்டாய். நான் ஏற்கெனவே உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அப்போதும் கூப்பிடுவாய்.

உட்கார்ந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாய். நான் தூங்கி விழுகிறவள், கதவு இல்லாத பெட்டி, விழுந்துவிடுவேன் என்பதற்காகப் பிடிக்கிறேன் என்று சொல்வாய். நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாய். நீ தூங்கியதே இல்லை. வாயும் ஓயாது. பழைய சீவரம் வரைக்கும் மாமியார், அப்புறம் கடை முதலாளி, அதுவும் தீர்ந்தால் என் லேப். அந்தப் பல் யாருடையது, ஏன் போயிற்று, பல் இல்லாமல் அவர் முறுக்கை என்ன செய்வார் என்று துருவித் துருவிக் கேட்பாய். கொஞ்சம் வாயை மூடேன், தலை வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னேன்.

"பயம் வந்தா வாய மூடக் கூடாது. எதனா பேசிக்கினே இருக்கணும்" என்றாய்.

எனக்குப் பயம் என்று நினைத்துத்தான் நீ பேசுகிறாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். வாலாஜாபாத்தில் நீ இறங்கிவிடுவாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை போக வேண்டும். இறங்கின கையோடு போன் செய்வாய். நத்தப்பேட்டை வந்ததா, யாராவது ஏறினார்களா, காஞ்சிபுரம் விளக்கு தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, எங்கள் தெரு முனையில் திரும்பிய பிறகுதான் வைப்பாய். உன் வீட்டுக்காரர் அரிசி மில்லில் சாயங்கால ஷிப்ட்டில் இருப்பார், உன்னை அழைத்துப்போக யாரும் வர மாட்டார்கள். ஆட்டோவை விட்டு இறங்கி, உன் வீட்டுக்குப் போகிற இருட்டுச் சந்தில் நீயும்தான் தனியாக நடந்துகொண்டிருந்தாய் என்று எனக்கு ஒரு நாள்கூட உறைக்கவில்லை.

ஒன்று இப்போது ஞாபகம் வருகிறது. வைகாசியில் கருட சேவைக்கு முந்தின சாயங்காலம் வண்டியில் நிற்க இடம் இருக்காது. எங்கெங்கிருந்தோ பெருமாளைப் பார்க்க வருகிற ஜனம், மூட்டையும் குழந்தையுமாகப் பெண்கள் பெட்டி பிதுங்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் நீ என் முந்தானையை விட்டுவிடுவாய். வாயைத் திறந்துகொண்டு, யாரோ ஒரு அம்மாவின் தோளில் சாய்ந்து, வாலாஜாபாத் வரும் வரை தூங்குவாய். நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். யோசித்ததில்லை.

பிறகு காய்ச்சல் என்று லீவு போட்டாய். சீட்டைப் பிடித்து வை, திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்றாய். திங்கட்கிழமை மாம்பலத்தில் நின்றுகொண்டிருந்தபோது உன் தங்கச்சி போன் செய்தாள். வண்டி வந்தது, எல்லாரும் ஏறினார்கள், நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன். உன் வீட்டுக்கு வந்தேன், கிடத்தியிருந்த உன்னைப் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சக்தியில்லை.

அதற்கப்புறம் தனியாக வந்தேன். பழைய பெண்களில் ஒருத்தி கல்யாணம் ஆகி வெளியூர் போய்விட்டாள், ஒருத்தி வேலையை விட்டாள். பாலூர் தாண்டினால் பெட்டியில் நான் மட்டும். ஒரு சாயங்காலம் பழைய சீவரத்தில் ஒருவன் ஏறினான். இது பெண்கள் பெட்டி என்று சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. பெட்டி முழுக்க இடம் இருக்கும்போது எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தான். பேசவில்லை. போனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான். அடுத்த பெட்டிக்குப் போக வழி கிடையாது, நடுவில் தகரத் தடுப்பு. செயினை இழுக்கலாமா என்றால் கை மேலே எழவில்லை. வாலாஜாபாத்தில் அவன் எழுந்து இறங்கிப் போய்விட்டான். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சொன்னால் என்ன செய்தான் என்று கேட்பார்கள். பார்த்தான் என்றால் அதுக்கா இவ்வளவு என்பார்கள். அன்றைக்கு வந்த நடுக்கம் என் முதுகெலும்பில் உட்கார்ந்துகொண்டது. லேபில் மெழுகில் பல் பதிக்கும்போதுகூட, நிமிர்ந்தால் எதிரே அவன் இருப்பானோ என்று குனிந்தே இருந்தேன்.

ரயிலே வேண்டாம் என்று வேறு வழி தேடினேன். கேட்டால் சிரிப்பாய். பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டே பயணம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் லாரிகளுக்கு நடுவில் நத்தை மாதிரி ஊர்ந்தது, லேபுக்குப் போய்ச் சேரும்போது டாக்டர்கள் அனுப்பிய பல் அச்சுகள் எனக்காகக் காய்ந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் வேண்டாம் என்று அரக்கோணம் வழியாகப் போய்ப் பார்த்தேன். அங்கே வண்டி மாற வேண்டும், அந்தக் கூட்டத்தில் ஏறினால் இறங்க முடியாது, இறங்கினால் மாம்பலத்துக்கு இன்னொரு பயணம். தாம்பரம் வரைக்கும் ரயில், அங்கிருந்து காஞ்சிபுரம் பஸ் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் ரயிலில் இருந்ததைவிடப் பயமாக இருந்தது. தினமும் பிந்தினேன். லேப் முதலாளி நல்ல மனுஷர்தான், அவரே கூப்பிட்டு, நேரத்துக்கு வர முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது என் சம்பளத்தில். உனக்குத் தெரியும். சாயங்கால ரயிலில் தனியாக வர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தேன்.

முடிவு செய்த பிறகு உன் குடை ஞாபகம் வந்தது. கடைசியாக மழை பெய்த நாளில் என் பையில் வைத்துவிட்டுப் போனது. இனி அந்தப் பக்கம் வரவே மாட்டேன், கொடுத்துவிடுவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டைக்கு வந்தேன். உன் வீட்டுக்காரரோடு அன்றைக்குத்தான் சரியாகப் பேசினேன். குடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உன் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் ரயிலில் வந்தேன், இனி வர மாட்டேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கா தைரியம்? கரண்ட் போனா அடுப்பங்கரைலருந்து முன்ரூமுக்கு வர மாட்டாம்மா அவ. நான் போய்க் கைய புடிச்சி இட்டாரணும்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். நீ வேலைக்குப் போன இரண்டாவது நாளாம். முதல் நாள் அவரே கூட வந்து பஸ்ஸில் அழைத்துப்போய்ப் பஸ்ஸிலேயே அழைத்துவந்தாராம். இரண்டாவது நாள்தான் முதல் தடவையாக ரயிலில் தனியாக வந்தாயாம். தூங்கிவிட்டாயாம். விழித்துப் பார்த்தால் வண்டி திரும்பிப் போகிறதாம்.

"முன்னால ஒரு அம்மா அவசர அவசரமா எறங்குச்சாம். அதுக்கு வழி தெரிஞ்சிருக்கும்னு நெனச்சி இவளும் பின்னாலயே எறங்கிட்டா. பாத்தா அந்த அம்மா நின்னு அழுவுது. ரெண்டு பேரும் அழுதா ஆவாதுன்னு, எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு பொய்ய சொல்லிட்டாளாம். வூட்டுக்கு வந்து ஒரே அழுக. வேலையே வேணாம்னா. மறுநாள் போய்ப் பாத்தா அந்த அம்மா வந்து நிக்குதாம். அதுவே வருது, நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்னுட்டு அப்புறம் வேலைக்குப் போவாம நின்னதே இல்ல."

அந்த அம்மா நான்தாங்க என்று சொன்னேன். அவர் குடையைத் திறந்து, மறுபடி மூடி, சுவரில் சாய்த்து வைத்தார். பல்லுக்காரம்மா கூட இருந்தால் பயமே இல்லை என்று நீ சொல்வாயாம். அந்தப் பல்லுக்காரம்மாவும் அழுத அம்மாவும் ஒரே ஆள் என்று அவரிடம்கூட நீ சொல்லவில்லை.

நான் அழுதேன் என்று நினைக்கிறாயா? இல்லை. கோபம் வந்தது. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். கள்ளி, இத்தனை வருஷம் ஏமாற்றினாயே என்று. கோபம் போனதும் முன்னைவிடப் பெரிய பயம் வந்தது. சுவர் என்று நம்பி நான் சாய்ந்திருந்தது கொடியில் காய்கிற புடவை மேலா? இந்த வருஷங்கள் எல்லாம் அந்தக் காலிப் பெட்டியில் தைரியசாலி என்று ஒருத்தருமே இல்லையா? நாம் இரண்டு பயந்தாங்கொள்ளிகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு இருட்டில் போய்க்கொண்டிருந்தோமா? அந்த நாட்களில் ஏதாவது நடந்திருந்தால் என்று, கடந்து போன பயணங்களுக்கெல்லாம் சேர்த்து இப்போது உட்கார்ந்து பயந்தேன்.

இன்று லேபில் வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். முதலாளி ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார், நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். கடைசித் தடவை என்று நினைத்துச் சாயங்கால வண்டியில் ஏறினேன். செங்கல்பட்டில் டிரைவர் பையோடு ஜன்னலைத் தாண்டிப் போனார். நான் எழுந்து எதிர் சீட்டுக்கு மாறினேன். பெட்டியில் இன்று என்னவோ கூட்டமே இல்லை, எனக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மட்டும் இருந்தாள். ஆஸ்பத்திரி ஆயா வேலைக்கான நீலப் புடவை, புதுசு, கஞ்சி விறைப்புக்கூடப் போகவில்லை. தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அவள் விழித்தாள். வெளியே பார்த்தாள். அது முதல் நாள் எனக்கு இருந்த முகம், கண்ணாடியில் பார்க்காமலேயே எனக்குத் தெரியும். பையை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து கதவுப் பக்கம் போனாள். வண்டி வேகம் குறைந்தது. அதே குட்டி ஸ்டேஷன், அதே விட்டு விட்டு எரிகிற விளக்கு. சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, கால் எழவில்லை. சிரிக்காதே, அவள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, நிஜமாகவே வண்டி திரும்பிப் போகிறதோ என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. இறங்கிவிடலாமா என்று நானும் எழுந்தேன். எழுந்த பிறகுதான் புத்தி வந்தது. அவள் ஒரு காலைக் கீழே வைக்கப் போனபோது முந்தானையை எட்டிப் பிடித்தேன்.

"எறங்காதமா. நம்ம ஊருக்குத்தான் போவுது. செங்கல்பட்டுல வண்டி திரும்பும், அவ்ளோதான்" என்றேன்.

உள்ளே வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க உதறியது. அவளுடையதா, என்னுடையதா என்று தெரியவில்லை. தினமும் வருகிறீர்களா, தனியாகவா, பயமாக இருக்காதா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். பயமா, எனக்கா என்று நான் சொன்னேன். சொன்ன குரல் நடுங்கியதை அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு அவள் பயமே போதுமாக இருந்தது. அன்றைக்கு எனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? உன் குரலும் நடுங்கியிருக்கும். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

பாலூர் தாண்டியது. பேச ஆரம்பித்தேன். பல் செட் எப்படிச் செய்வது, மெழுகு எப்படி உருகும், பல் இல்லாதவர் முறுக்கை என்ன செய்வார். என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியம். பழைய சீவரத்தில் வண்டி நின்றபோது கதவையே பார்த்துக்கொண்டு, இன்னும் உரக்கப் பேசினேன். யாரும் ஏறவில்லை. வாலாஜாபாத் விளக்குகள் தெரிந்ததும் அவள் எழுந்தாள். எழுந்தவள் நகராமல் குனிந்து பார்த்தாள். அவள் முந்தானை இன்னும் என் கைக்குள் இருந்தது. இடது கையில் என் முந்தானையையும் அதே மாதிரிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வுழுந்துடப் போறியேன்னு புடிச்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

நம்பினாள். பிளாட்பாரத்தில் இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து, நாளைக்கும் இதே பெட்டியில் இருப்பீங்களாக்கா என்று கேட்டாள். என் வேலை, நாளைக்கு முதலாளியிடம் சொல்ல வேண்டியது, எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

வண்டி நகர்ந்தது. பெட்டியில் நான் மட்டும். எதிர் சீட்டைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். யாருக்கும் நான் போன் போடவில்லை. இறங்கிட்டியா, ஆட்டோ கிடைச்சிதா, அந்தச் சந்துல லைட்டு எரியுதா என்று உன்னை உரக்கக் கேட்க ஆரம்பித்தேன். நத்தப்பேட்டை வந்தது, போனது. எங்கள் தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் நான் போனை வைக்கவில்லை.